நிற்காமல் ஒரு சுற்று

எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருக்கத் தெரியாது. லிஃப்ட் வருவதற்குள் பொத்தானை நாலைந்து தடவை அமுக்குகிறவள் நான். குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் சமையலறைக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டிருப்பேன். அலுவலகக் கூட்டங்களில் மேஜைக்கு அடியில் என் கால் ஆடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இருப்பவர் நாற்காலியை மெல்லத் தள்ளிப் போட்டுக்கொள்வார். மகள் கல்லூரிக்கென்று புனேவுக்குப் போன பிறகு இது இன்னும் மோசமாகிவிட்டது. தில்லி லோதி ரோடு அரசாங்கக் குடியிருப்பில் எங்கள் வீடு சின்னதுதான். அவள் இருந்தபோது இடம் போதாது என்று சண்டை போடுவோம். இப்போது அறைக்கு அறை போய் விளக்கைப் போட்டு அணைத்துவிட்டு வருவேன்.

ஓட ஆரம்பித்தது அதனால்தான். சர்க்கரை குறையட்டும், எடை குறையட்டும் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தேன். உண்மை என்னவென்றால், நடந்து பார்த்தேன், போதவில்லை.

மகள் விட்டுப்போன ஷூவை மாட்டிக்கொண்டு, துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொண்டு கிளம்பிய முதல் நாள், என் கணவர் பேப்பரை இறக்காமலே சொன்னார்.

"நீ ஆரம்ப சூரப்புலியில்லா. எத்தன நாளைக்குன்னு பாப்போம்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மகள் ஐந்தாவது படிக்கும்போது அவளுக்காகப் பின்ன ஆரம்பித்த ஸ்வெட்டர் இன்னும் ஒரு கை இல்லாமல் அலமாரியில் கிடக்கிறது. யோகா வகுப்புக்கு வாங்கிய பாய் பால்கனியில் வெயில் தாங்குகிறது. வீணையை விட்டுவிட்டேன், கார் ஓட்டக் கற்றதையும் விட்டுவிட்டேன். ஆனாலும் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு படி இறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன்: குடியிருப்புப் பூங்காவை நிற்காமல் ஒரு முழுச் சுற்று ஓட வேண்டும். ஒன்றே ஒன்று போதும். அதையாவது பாதியில் விடக் கூடாது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று கேட்டிலிருந்து ஊஞ்சல் வரை கூடப் போக முடியவில்லை. நெஞ்சு அடித்த அடியில் செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காவலாளி ஓடி வந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அவமானமாக இருந்தது. மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன்.

ஒரு காலையில் ஊஞ்சலைத் தாண்டிவிட்டதே எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் ஊஞ்சல் பின்னால் இருக்கிறது. அன்று முழுக்க அலுவலகத்தில் எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. கோப்பைப் பார்த்துச் சிரிக்கிறாளே என்று எதிர் மேஜைக்காரர் பயந்திருப்பார். அப்புறம் பேட்மின்டன் திடல் வரை போனேன். அப்புறம் அதையும் தாண்டி, சிரிப்பு சங்கத்தினர் கையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கும் புல்வெளி வரை. பதவி உயர்வு வந்தபோது கூட இவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை. அதற்கு வருடக்கணக்கில் காத்திருந்தாலே போதும். இதற்கு நான் மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

ஆனால் சுற்று மட்டும் முடியவே இல்லை. எங்கேயாவது நின்றுவிடுவேன். காரணம் மூச்சு மட்டும் இல்லை, மனிதர்கள்.

ஓய்வுபெற்ற அதிகாரிகள், கோயிலில் பார்க்கும் மாமிகள், பக்கத்துப் பிளாக்குக்காரர்கள், எல்லோரும் காலையில் அந்தப் பூங்காவில்தான் நடக்கிறார்கள். எல்லோரும் எனக்கு எதிரே வந்தார்கள். எதிரே வருகிறவர் சிரித்தால் நின்று இரண்டு வார்த்தை பேசாமல் போக எனக்குத் தெரியாது. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் அப்படிப் போனால், உத்தியோகம் பார்க்கிறாள், அதனால் கண் தெரியவில்லை என்று சொல்லிவிடுவார்கள். கீழ் வீட்டு அக்கா ஒருத்தர் மட்டும் நான் போகும் திசையிலேயே நடப்பார். ஈரோட்டுப் பக்கத்துக்காரர், எங்களுக்கு முன்பிருந்தே அந்தக் குடியிருப்பில் இருப்பவர். பின்னாலிருந்து அவரை எட்டிப் பிடித்ததும் என் கால் தானாக நடைக்கு வந்துவிடும்.

"ஏனுங்க, ஐ.என்.ஏ. மார்க்கெட்டுல முருங்கக்கா நல்லா வந்திருக்குதுங்க. வாங்கலீங்களா?"

முருங்கைக்காயில் ஆரம்பித்தால் கேட் வரை பேச்சுதான். வீட்டுக்குத் திரும்பும்போது பல்லைக் கடித்துக்கொண்டு படியேறுவேன்.

இதற்கு வழி காட்டியது சிரிப்பு சங்கத்துப் பஞ்சாபி அம்மாள் ஒருவர். ஒருநாள் என்னை மறித்துக்கொண்டு நின்றார். "பெஹன்ஜி, ஆப் உல்டா தௌட் ரஹீ ஹோ!" என்றார்.

நானா உல்டா? நானா தப்பான பக்கம் ஓடுகிறேன்? எனக்கு எரிச்சலாக வந்தது. மரத்தடியில் நின்று பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். பூங்காவே ஒரு பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நானும் கீழ் வீட்டு அக்காவும் மட்டும் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தோம். நாங்கள் இருவரும் பூங்காவை வலம் வந்துகொண்டிருந்தோம்! நடுவில் பிள்ளையார் இருந்தாலும் பரவாயில்லை. அங்கே இருந்தது தண்ணீர் வராத ஒரு செயற்கை நீரூற்று. அதற்குப் போய் இத்தனை நாள் பிரதட்சிணம் செய்திருக்கிறேன்.

மறுநாள் திசையை மாற்றினேன். சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. இடப்பக்கமாகச் சுற்றுவதை நான் சுடுகாட்டுச் சடங்கைப் பற்றி யாராவது சொல்லும்போதுதான் கேட்டிருக்கிறேன். கால் கூசியது. ஏதோ நடக்கக் கூடாதது நடந்துவிடும் என்று தோன்றியது. மகளுக்கு போன் போட்டு எழுப்பினேன். "அம்மா, க்யா ஹுவா? இவ்ளோ காலைல?" என்றாள் தூக்கத்தில். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டு ஓடினேன். எல்லோருடைய முதுகும் எனக்கு முன்னால் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை, யாரும் நிறுத்தவில்லை. என்ன ஒரு விடுதலை! கீழ் வீட்டு அக்காவும் அன்று வரவில்லை. முக்கால் சுற்று போய்விட்டேன்.

அதோடு தில்லியின் காற்று கெட்டுப்போனது. வருடா வருடம் வருவதுதான். ஜன்னலைத் திறந்தால் கண் எரியும், எதிர் பிளாக் தெரியாது. வெளியே ஓடாதீர்கள் என்று செல்போன் சொன்னது, டாக்டர் சொன்னார், கணவர் சொன்னார். வீட்டுக்குள்ளேயே நடந்தேன். டைனிங் டேபிளைச் சுற்றினேன். வலமாகக் கொஞ்சம், இடமாகக் கொஞ்சம். ராத்திரி படுத்தால் போர்வைக்குள் கால் துடிக்கும். இவ்வளவு நாள் சேர்த்ததெல்லாம் கரைந்துபோகும், மறுபடி ஊஞ்சலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும் என்று பயம். "அதான் ஓடியாச்சே, விடேன்" என்றார் கணவர். சரி என்று சொல்லிவிடுவேனோ என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய பயமாக இருந்தது. அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

ஒரு ராத்திரி காற்று பலமாக அடித்து மழையும் பெய்தது. விடிந்ததும் ஜன்னலில் நீல வானம். பல் தேய்த்ததும் தேய்க்காததுமாக இறங்கினேன்.

கேட்டிலிருந்து கிளம்பினேன். இந்தப் பக்கத்தில் முதலில் வரும் புல்வெளி போனது, திடல் போனது. கால் மறந்திருக்கவில்லை. முக்கால் சுற்று தாண்டி, கடைசி வளைவில் திரும்பும்போது, எதிரே கீழ் வீட்டு அக்கா வந்துகொண்டிருந்தார். குரங்குக் குல்லாவும் சால்வையுமாக, வழக்கம்போல வலமாக. ஊர் எப்படிச் சுற்றினால் அவருக்கு என்ன? எத்தனையோ நாள் கழித்துப் பார்க்கிறார். முகம் மலர்ந்துவிட்டது. கையை நீட்டிக்கொண்டு, பாதையின் நடுவில் நின்றார்.

"ஏனுங்க..."

நின்றால் இதுவும் பாதிதான். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். கையைத் தூக்கிக் காட்டினேன். பேச மூச்சு இல்லை. ஒதுங்கி, புல்லில் கால் வைத்து, அவரைத் தாண்டிப் போய்விட்டேன்.

"ஏனுங்க, என்னாச்சுங்க?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. திரும்பவில்லை. வாழ்க்கையில் ஒருவரை நான் அப்படி அலட்சியம் செய்ததில்லை. முகம் பற்றி எரிந்தது. கால் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

கேட் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபோது எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. முடித்துவிட்டேன். குனிந்து மூச்சு வாங்கினேன், நிமிர்ந்தேன், மறுபடி குனிந்தேன். நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

அப்போதுதான் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா என் பின்னாலேயே வந்திருந்தார், இடமாக. சால்வை ஒரு பக்கம் தரையில் இழுபட, என்னை விட அதிகமாக இரைத்துக்கொண்டு.

"ஊட்டுல யாருக்காச்சும் ஏதாச்சுங்களா? பாப்பாவுக்கு ஒண்ணுமில்லீங்களே?"

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. எங்கள் வயதில் ஒரு பெண் அப்படி ஓடினால் வேறு என்ன நினைப்பார்கள்? அந்தப் பூங்காவுக்கு வரும்வரை நான் ஓடியதெல்லாம் அப்படித்தான். ஸ்கூல் வேனுக்கு ஓடியிருக்கிறேன். மாமியாரின் ரிப்போர்ட்டுக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓடியிருக்கிறேன்.

"யாருக்கும் ஒண்ணுமில்லக்கா. எனக்காகத்தான் ஓடுனேன்."

"உங்களுக்காவா?"

"ஒரு சுத்து. நிக்காம. முழுசா ஓடிட்டேன்க்கா." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொள்ள இடுப்பில் முடிந்த துப்பட்டா அவிழவில்லை.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு பாதையைப் பார்த்தார். கேட்டிலிருந்து புல்வெளி, திடல், அந்தக் கடைசி வளைவு என்று கண்ணாலேயே ஒரு சுற்று போய்விட்டு வந்தார்.

"இது முழுக்கவுங்களா?"

தலையாட்டினேன்.

அவர் சால்வையை எடுத்து ஒழுங்காகப் போர்த்திக்கொண்டு, பாதையை விட்டு இறங்கிப் புல்லில் நின்றார்.

"நான் எங்கீங்க பாத்தேன், பதறிப்போயி ஓடியாந்தனுங்க. இன்னொருக்கா ஓடுங்க. இங்கயே நின்னு பாக்கறேன்."

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஓடினேன்.