வாசலில் எழுதிவைத்த பொய்க்கொம்பு

நான் சுவிஸில் ஒரு மியூசியத்தில் துப்புரவு வேலை செய்த காலம் முழுவதும் விடியக் கதவு திறந்தது நான்தான். தனியேதான் திறப்பேன். அன்றைக்கு விளக்கைப் போட்டுப் பார்த்தால், பாடம் செய்து நிறுத்தியிருந்த காண்டாமிருகத்துக்குக் கொம்பு இல்லை.

வாசல் திறப்புக்கொத்து என் கையில். முதலில் யாரைக் கேட்பார்கள்? ஒன்றையும் தொடாமல் பொறுப்பாளர் அம்மா ஃப்ராவ் கெல்லருக்குப் போன் எடுத்தேன். அவர் டொச் என்கிற ஜெர்மன் பாஷையில் சொன்னதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"பயப்பிடாதேங்கோ. நாங்கள்தான் கழட்டினது. உங்களுக்குச் சொல்ல மறந்துபோனம்."

என்னிடம் சொல்ல மறப்பதோ? வந்தவுடன் விளக்கம் கேட்டேன். வேறு நாட்டு மியூசியங்களில் கொம்புக்காகவே கள்ளர் புகுந்திருக்கிறார்களாம். மருந்தென்று அரைத்துக் குடிக்கிறவர்கள் தங்கத்தைப்போல விலை கொடுக்கிறார்களாம். உண்மைக் கொம்பு பாதுகாப்பு அறைக்குப் போய்விட்டது. மிருகங்களைப் பாடம் செய்யும் ஊர்ஸ், பிளாஸ்டிக்கில் வார்த்த கொம்பை ஒட்டினார். கிட்ட நின்றாலும் வித்தியாசம் தெரியாது.

கோப்பி நேரத்தில் இருவருக்கும் வாக்குவாதம். கொம்பு நகம்போலத் திரும்ப வளரும், நோகாமல் வெட்டி விற்றால் கொல்கிறவனுக்கு வேலை இராது என்றார் ஊர்ஸ். விற்கத் தொடங்கினால் வாங்குகிறவர்கள் கூடுவார்கள், கொன்று எடுத்ததையும் அதற்குள் கலந்துவிடுவார்கள் என்றார் கெல்லர். வெட்டிவிட்ட மிருகத்தையும் மிச்ச அடிக்கட்டைக்காகச் சுடுகிறார்களாம். இரண்டு பேரும் சொன்னது எனக்குச் சரியாகத்தான் பட்டது. என் கவலை என் கதவு.

பக்கத்து ஊர் டீட்டிகோனில் என் சிநேகிதி ராசமணி இருக்கிறாள். தமிழ் வீடுகளில் நகை இருப்பது கள்ளருக்குத் தெரிந்த பிறகு, நாங்கள் தங்கத்தை வங்கியில் வைத்துவிட்டுக் கவரிங்தான் போட்டுக்கொண்டு கோவிலுக்குப் போவோம். அதை ஒருவருக்கும் சொல்ல மாட்டோம், மானப் பிரச்சினை. திருவிழா முடிந்து வரும்போது ஸ்டேஷனில் ஒருவன் ராசமணியின் சங்கிலியை அறுத்தான். விழுந்து கை முறிந்தது. கவரிங் என்று அவனுக்குத் தெரியாதே.

அதை இருவருக்கும் சொல்லிவிட்டு, "பொய்க்கொம்பு எண்டு வாசல்ல எழுதுங்கோ," என்றேன். "உள்ளுக்கு எழுதினா கள்ளன் கதவை உடைச்சுப்போட்டுத்தான் வாசிப்பான்."

கெல்லர் யோசித்தார். "வாசல்லயே போலி எண்டு போட்டா மியூசியத்தின்ர மரியாதை என்னாகும்?"

"விடியக் கதவடியில நிக்கிறது நான், மரியாதை இல்லை."

ஊர்ஸ் சிரித்தார். "எழுதுங்கோ. என்ர கைவேலைக்கு விளம்பரம்தானே."

அடுத்த கிழமையே கொம்புப் படத்தோடு பலகை வாசலில் ஏறியது. சனம் வராமல் விடவில்லை. எது பொய்யென்று பார்க்கவே பிள்ளைகள் வந்தார்கள். நான் ஓய்வு பெறும்வரை காலையில் முதலில் துடைத்தது அந்தப் பலகையைத்தான்.

தனியே கதவு திறக்கிற வேலைக்குப் போகும் பிள்ளைகளே, உங்களுக்கு வேண்டிய பாதுகாப்பை வாய்திறந்து கேளுங்கள். ஒளித்துவைத்த பொய் ஆளைக் காப்பாற்றாது.

அடுத்த வருடத் திருவிழாவுக்குப் போக, கோவில் இருக்கிற அட்லிஸ்வில் ஸ்டேஷனில் இறங்கினேன். தெரிந்த பெண்ணொருத்தி கழுத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"என்ன பாக்கியமக்கா, புதுச் சங்கிலியோ?"

"ஓம். கவரிங்," என்றேன், மேடை முழுவதும் கேட்க.