எரிந்தால் நல்லது என்று நம்பியவர்

பஞ்சுவின் உண்மையான பெயர் அவருடைய அடையாள அட்டைக்கும் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். தொழில் பழகிய காலத்தில் கத்தி ஊர்வதே தெரியாத அளவுக்கு அவர் கை லேசாக இருந்ததைப் பார்த்து, பழைய முதலாளி வைத்த பெயர் அது. பெயர் ஒட்டிக்கொண்டது. முதலாளி ஓய்வு பெற்றதும் சலூனும் பஞ்சுவின் கைக்கு வந்தது.

பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், சைக்கிள் கடைக்கும் சாவிக்கடைக்கும் நடுவே, ரயில் பெட்டி மாதிரி நீளமான ஓர் அறை. சுழல்நாற்காலிகள் இரண்டு. அதில் ஒன்று உதைத்தால்தான் பின்னால் சாயும் என்பதால், முடிவெட்ட மட்டும் வருகிறவர்களை அதில் உட்கார வைப்பார். சவரத்துக்கு நல்ல நாற்காலி. யாருக்குச் சவரம் செய்தாலும் கடைசியில் நீலநிற லோஷன் உண்டு. இரண்டு உள்ளங்கையிலும் தேய்த்து, பட்டென்று கன்னத்தில் அறைவார். உட்கார்ந்திருப்பவர் "ஸ்ஸ்ஸ்" என்று இழுத்தால் பஞ்சுவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

"எரியுதா? அப்ப நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

இருபத்தாறு வருடமாக இந்த ஒரு வசனம்தான். தன் முகத்திலும் தினமும் காலையில் அதையே அறைந்துகொண்டுதான் வேலைக்குக் கிளம்புவார்.

அவர் மனைவி மருந்துக்கடையில் வேலை செய்பவர். ஒரு டப்பா கைக்கு வந்தால் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படிப்பார். "முன்பக்கம் இருக்கிறது அவன் சொல்ல ஆசைப்படுறது. பின்பக்கம் இருக்கிறது அவன் சொல்லியே ஆகவேண்டியது" என்பார்.

ஒருநாள் தோளில் பையோடு விற்பனை ஆள் ஒருவர் சலூனுக்கு வந்தார். தங்கநிற மூடி போட்ட வெள்ளை டப்பா ஒன்றை எடுத்து வைத்தார். எண்ணெய் வடியும் முகமோ, வறண்ட முகமோ, எல்லாவற்றுக்கும் ஒரே கிரீமாம். ஒரு தடவை போட்டால் முகம் பளபளவென்று ஆகிவிடுமாம். பஞ்சு அதை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய், பரிசுக்கோப்பை மாதிரி மேஜை மேல் வைத்தார். மனைவி வழக்கம்போல் திருப்பிப் பார்த்தார்.

"ஏங்க, இதுல ஏகப்பட்ட வாசனை சேர்த்திருக்கான். ஆல்கஹால் இருக்கு. தோலை உரிக்கிற ஆசிட் வேற இருக்கு. இதைப் போய் சவரம் பண்ணின முகத்துல போட்டுறாதீங்க."

"நீ மாத்திரையைப் பாரு. முகத்தை எங்கிட்ட விடு."

மனைவி அதற்குமேல் பேசவில்லை. அதுதான் ஆபத்தான அறிகுறி என்று பஞ்சுவுக்குத் தெரியும். ஆனாலும் மறுநாள் டப்பாவைச் சலூனுக்கு எடுத்துப் போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமை மாலை, மனைவியின் தம்பி சலூனுக்கு வந்தான். பேருந்து ஓட்டுநர். திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் அவனுக்குக் கல்யாணம். பஞ்சு அவனை நல்ல நாற்காலியில் உட்கார வைத்து, வழக்கத்தைவிடப் பொறுமையாகச் சவரம் செய்தார். பிறகு தங்க மூடியைத் திறந்தார்.

"மாமா, எரியுது மாமா."

"எரியட்டும் மாப்ள. நாளன்னைக்கு உன்னைப் பார்த்துப் பொண்ணு அசந்து போகணும்."

இன்னும் ஒரு விரல் கிரீமை எடுத்துத் தாராளமாகத் தேய்த்தார்.

ஞாயிறு காலை தொலைபேசி அடித்தது. மச்சினன் மாமாவைக் கூப்பிடவில்லை. "அக்கா, என் மூஞ்சியைப் பார்த்தா எனக்கே அடையாளம் தெரியல" என்றான். போய்ப் பார்த்தால், கன்னம் இரண்டும் பழுத்த தக்காளி. தாடை ஓரமெல்லாம் பொரிப்பொரியாக எழும்பியிருந்தது. பஞ்சு வாயைத் திறந்தார். மனைவி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் தோல் டாக்டர் ஒருவரை மனைவிக்குத் தெரியும். மூவரும் போனார்கள். டாக்டர் அம்மா வெளிச்சத்தைக் கிட்டே கொண்டுவந்து முகத்தைப் பார்த்துவிட்டு, "தினமும் மூஞ்சிக்கு என்ன போடுவீங்க?" என்று கேட்டார்.

"குளிக்கிற சோப்புதான். வண்டி ஓட்டி வந்தா தூசி பாருங்க, நாலு தடவை தேய்ச்சுக் கழுவுவேன்."

"கழுவினதும் தோல் இழுத்துப் பிடிக்குமா?"

"சிரிக்கவே முடியாது டாக்டர். நான் அதைச் சுத்தம்னு நினைச்சேன்."

"உங்களுக்கு வறண்ட தோல். எதுக்கும் சீக்கிரம் கோச்சுக்கிற தோல் வேற. எல்லாத்தையும் நிறுத்துங்க. முகம் கழுவ வாசனை இல்லாத மிருதுவான கிளென்சர், கழுவினதும் பூச வாசனை இல்லாத கெட்டியான மாய்ஸ்சரைசர், இந்த மருந்து. ரெண்டு மூணு நாள்ல அடங்கிடும்."

"நாளைக்கு எனக்குக் கல்யாணம் டாக்டர்."

"அப்ப தலையைக் குனிஞ்சுட்டே நில்லுங்க. வெட்கம்னு நினைச்சுக்குவாங்க" என்றார் டாக்டர். பிறகு, "இதை யாரு போட்டுவிட்டது?" என்றார்.

பஞ்சு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார். எத்தனை வருடமாகத் தொழில் செய்கிறார் என்று டாக்டர் விசாரித்தார். பஞ்சு சொன்னார்.

"நான் பார்த்ததைவிட நீங்க தொட்ட முகம் அதிகம். இவர் கன்னம் உங்க கைக்கு எப்படி இருக்கும்?"

பஞ்சு யோசிக்கவே இல்லை. "நுரை போட்டா நிக்காதும்மா, உடனே காஞ்சிடும். ரெண்டாவது தடவை போடணும். மூக்கோரத்துல பொடியா உரியும். கத்தி சொரசொரன்னுதான் போகும்."

"அதைத்தான் நாங்க வறண்ட தோல்னு சொல்றோம். உங்க விரலுக்குத் தெரிஞ்சிருக்கு. நீங்கதான் அது சொல்றதைக் கேட்கல."

டாக்டர் அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அது பஞ்சுவைக் குடைந்தது. எத்தனை கன்னங்கள், எத்தனை "ஸ்ஸ்ஸ்" என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்துகொண்டிருந்தன. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னார்: "நீ சொன்னதைக் கேட்டிருக்கணும்."

"இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றார் மனைவி.

திங்கட்கிழமை வீக்கம் வடிந்திருந்தது. சிவப்பு மட்டும் போகவில்லை. மணப்பெண் பக்கத்தில் வந்து நின்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு, "என்னங்க, பயத்துல சிவந்துட்டீங்களா?" என்றாள். மச்சினன், "எல்லாம் மாமாவோட கைங்கரியம்" என்றான். பஞ்சு கடைசி வரிசை நாற்காலியில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். புகைப்படத்தில் மாப்பிள்ளைக்கு ரோஜாநிறக் கன்னம். பார்த்தவர்களெல்லாம் வெட்கம் என்றே சொன்னார்கள்.

மறுநாள் காலையில் பஞ்சு முதல் வேலையாகத் தன் முகத்தையே சோதித்தார். மனைவி சொன்னபடி காரமில்லாத கிளென்சரால் கழுவி, ஒற்றித் துடைத்து, எதுவும் பூசாமல் ஒரு மணிநேரம் உட்கார்ந்தார். நீல லோஷன் இல்லாமல் சட்டை போடாமல் தெருவில் நிற்பது போல் இருந்தது. பிறகு மெல்லிய டிஷ்யூ காகிதத்தை நெற்றி, மூக்கு, கன்னம், தாடை என்று ஒற்றி ஒற்றி வெளிச்சத்தில் பார்த்தார்கள். நெற்றியிலும் மூக்கிலும் வைத்த இடம் பஜ்ஜி மடித்த தாள்போல எண்ணெய்க் கறையாக இருந்தது. கன்னத்தில் வைத்தது வைத்தபடி.

"ரெண்டும் கலந்த தோல்" என்றார் மனைவி. "நடுவுல எண்ணெய்க்கடை, ரெண்டு பக்கமும் பாலைவனம். எல்லா இடத்துலயும் எண்ணெய் ஒட்டினா எண்ணெய்ச் சருமம். எங்கயும் ஒட்டாம, தோலும் இழுத்தா வறண்டது. எங்கயும் ஒட்டல, இழுக்கவும் இல்லைன்னா கொடுத்து வச்ச மூஞ்சி, அதை நோண்டாம விட்டுடணும்."

நீல லோஷன் அன்றே சலூனை விட்டுப் போயிற்று. அது இருந்த பலகையில் டிஷ்யூ பெட்டி வந்தது. வாடிக்கையாளர்கள் எப்படியும் செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பவர்கள்தானே. வந்ததும் முகத்தைக் கழுவி உட்காரச் சொல்லி, ஒரு மணிநேரம் கழித்துக் காகிதத்தை ஒற்றிப் பார்த்தார் பஞ்சு. ஓய்வுபெற்ற தபால்காரர், "எனக்குத் தோலே கிடையாதுப்பா, நேரா எலும்புதான்" என்று மறுத்துப் பார்த்தார். விடவில்லை. குழாய் ரிப்பேர்காரர் தனக்கு எண்ணெய் முகம் என்பதால் எந்தக் கிரீமும் ஆகாது என்று வாதம் செய்தார். எண்ணெய் வழிகிறதென்று ஒரு நாளைக்கு ஆறு தடவை சோப்புப் போடுவாராம்.

"சும்மா சும்மா உரசினா தோலுக்கும் கோபம் வருமில்ல?" என்றார் பஞ்சு. "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, ரொம்ப வேர்த்தா இன்னொண்ணு. அப்புறம் தண்ணி மாதிரி லேசான ஜெல் போடுங்க. வெயில்ல போறப்ப சன்ஸ்கிரீன். அது எல்லாத் தோலுக்கும் உண்டு, உங்க எண்ணெய்க்கிணறுக்கும் உண்டு."

இதற்கிடையில் பஞ்சுவின் மனதை ஒரு முகம் அரித்துக்கொண்டே இருந்தது. வாட்ச் ரிப்பேர்காரர். வாரம் இரண்டு தடவை தவறாமல் வந்தவர், ஆறு வருடத்துக்கு முன் திடீரென்று வருவதை நிறுத்திவிட்டார். தெருவில் பார்த்தால் புன்னகைப்பார். ஆனால் மார்பைத் தொடுகிற தாடி வளர்ந்துவிட்டது. ஏதோ வேண்டுதலோ, துக்கமோ என்று பஞ்சு கேட்காமலே விட்டிருந்தார். இப்போது கேட்காமல் இருக்க முடியவில்லை. ஒரு மத்தியானம் சலூனைச் சாத்திவிட்டு இரண்டு தெரு தள்ளியிருந்த அவர் கடைக்குப் போனார்.

வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"அண்ணே, ஒண்ணு கேட்கணும். மறைக்காம சொல்லணும்" என்றார் பஞ்சு. "இந்தத் தாடி என்னாலயா?"

அவர் நெளிந்தார். பல்சக்கரம் ஒன்றை இடுக்கியால் எடுத்து எடுத்து வைத்தார். கடைசியில், "உங்க லோஷன் தாங்க முடியல தம்பி. ரெண்டு நாள் எரியும். நீங்க அவ்வளவு ஆசையாப் போடுறீங்க, வேண்டாம்னு சொல்ல மனசு வரல. வேற கடைக்குப் போனா உங்களுக்கு வருத்தமா இருக்கும். அதான் விட்டுட்டேன்" என்றார்.

பஞ்சு அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். தன் மனம் நோகக்கூடாது என்று ஒரு மனிதர் ஆறு வருடம் தாடி சுமந்திருக்கிறார். சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. "அண்ணே, ஒரே ஒரு தடவை வாங்க" என்று கூப்பிட்டார்.

இந்தத் தடவை பஞ்சு அவசரப்படவில்லை. வாசனையில்லாத சவரக் கிரீமையும் மாய்ஸ்சரைசரையும் மனைவி பின்பக்கம் படித்துத் தேர்ந்து கொடுத்தார். பஞ்சு வாட்ச் ரிப்பேர்காரரின் முழங்கை உள்பக்கத்தில் ஒரு பொட்டு, காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்துவிட்டு, இரண்டு நாள் பொறுத்து வரச் சொன்னார். அரிப்பு இல்லை, சிவப்பு இல்லை. மூன்றாம் நாள் கத்தரியால் தாடியைக் குறைத்து, வெதுவெதுப்பான துணியை வைத்து ஊறவிட்டு, முடி வளர்ந்த திசையிலேயே கத்தியை இறக்கினார். குளிர்ந்த தண்ணீரால் கழுவி, கிரீமை அறையாமல், ஒற்றி ஒற்றிப் பூசினார்.

"எரியுதாண்ணே?"

வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணை மூடியபடி கொஞ்சநேரம் காத்திருந்தார். "இல்ல தம்பி. ஒண்ணுமே தெரியல."

இருபத்தாறு வருடத்தில் பஞ்சுவுக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதைவிடப் பெரியது இல்லை. அன்று முழுக்க வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை கடை திறந்ததும் முதல் ஆளாக வாட்ச் ரிப்பேர்காரரே வந்து நின்றார். மறுபடி எரிந்துவிட்டதோ என்று பஞ்சு பயந்தார். ஓடிப்போய்க் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். வழவழவென்றுதான் இருந்தது.

"முகம் நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர் சங்கடமாக. "வீட்டுலதான் பிரச்சினை. ஆறு வருஷமா பழகிட்டாளாம். யாரோ வேத்தாள் வந்து சாப்பிட உட்கார்ந்த மாதிரி இருக்காம். திரும்பத் தாடி விடச் சொல்லிட்டா. வளர்ந்து வர்றப்ப அரிக்காம இருக்க என்ன போடணும்?"

பஞ்சு அவரை உட்காரச் சொல்லிவிட்டு மனைவிக்குப் போன் போட்டார்.