மேவிஸின் மூன்றாவது மணி

பழைய பஸ் ஓடும் நாள் என்றாலே எனக்கு எரிச்சல் வரும். வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, லண்டன் ஓரத்து ஆர்ப்பிங்டன் ஸ்டேஷன் வாசலில் நோட்டும் பேனாவுமாக நரைத்த ஆண்கள் கூடிவிடுவார்கள். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஓரம்கட்டிய பஸ்களை மெருகேற்றி, அதே பழைய தடத்தில், அதே பழைய நேரப்படி ஓட்டுவார்கள். டிக்கெட் இலவசம். போன தடவை ஒருவர் எஞ்சின் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டு, பக்கத்தில் தும்மியவரை முறைமுறையென்று முறைத்தார். இந்தக் கூட்டத்தோடு இந்த வருஷம் நான் பஸ் ஏறியதற்கு ஒரே காரணம் மேவிஸ்.

மேவிஸ் டிப்பெட் என் அடுத்த வீட்டுக்காரி, இருபத்தாறு வருஷத் தோழி. அறுபத்து மூன்றாம் வருஷம், இருபத்தொரு வயதில், இதே தடத்தில் கண்டக்டராகச் சேர்ந்தாள். டிரைவர் வில்ஃப். அந்த பஸ்களில் டிரைவருக்கு வண்டியின் முன்பக்கம் தனிக் கூண்டு. கண்டக்டர் நிற்பது பின்னால், கதவே இல்லாத படிக்கட்டுப் பலகையில். நாள் முழுக்க ஒரே வண்டியில் போனாலும் ஒரு வார்த்தை பேச முடியாது. எல்லாம் மணிதான். ஒன்று அடித்தால் நில், இரண்டு அடித்தால் புறப்படு, மூன்று அடித்தால் வண்டி நிறைந்துவிட்டது, எங்கும் நிற்காதே.

மேவிஸ் முதல் வாரமே தன் குறும்பைக் காட்டினாள். சட்டென்று இரண்டு அடித்தாள், ஒரு மூச்சு விட்டாள், செல்லமாக மூன்றாவதாக ஒன்று அடித்தாள். வில்ஃப் வண்டி நிறைந்துவிட்டது என்று நினைத்து, குடையை ஆட்டியவர்களையெல்லாம் மழையில் விட்டுவிட்டு, காலி பஸ்ஸைக் கடைசி நிறுத்தம் வரைக்கும் ஓட்டிவிட்டார்.

"உனக்கு எண்ணத் தெரியாதா?" என்று இறங்கி வந்து கத்தினாராம்.

"உங்களுக்குத்தான் கேக்கத் தெரியல. மூணாவது, நான் இங்கதான் இருக்கேன்னு சொல்றது" என்றாளாம் இவள்.

மறுநாளிலிருந்து தன் சாண்ட்விச்சில் பாதியை அவளுக்கு எடுத்துவைக்க ஆரம்பித்தார். அடுத்த வருஷம் கல்யாணம். கண்டக்டர் இல்லாத பஸ்கள் வந்த பிறகு மேவிஸ் பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போனாள். வில்ஃப் ரிட்டயராகும்வரை ஓட்டினார். பிள்ளைகள் இல்லை.

இப்போது வில்ஃப் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். பதினாலு மாதமாக அவருக்கு மேவிஸைத் தெரியவில்லை. தினமும் போவாள். "வாங்கம்மா, உக்காருங்க" என்று மரியாதையாகச் சொல்வார். அந்த மரியாதைதான் அவளைக் கொன்றது.

"ஒரே ஒரு தடவை என்னைப் பாத்து, 'மேவிஸ்'னு கூப்பிட்டா போதும்டி" என்பாள் என்னிடம். அந்த பஸ்ஸும் அந்த மணியும் அதைச் செய்துவிடும் என்று நம்பினாள். எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. இருவரையும் என் காரில் அழைத்துப் போனேன்.

அன்றைக்குக் கண்டக்டர் நெவில் என்பவர். வருமான வரி ஆபீஸில் ரிட்டயரானவர், பெரிய தொப்பை, நெஞ்சு வரை தாடி. மேவிஸ் நிஜமான கண்டக்டர் என்று தெரிந்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"நீங்களே மணி அடிங்கம்மா. எனக்கு அதைவிடப் பெருமை என்ன இருக்கு?"

வில்ஃபை டிரைவர் கூண்டுக்குப் பின்னால் இருந்த முதல் சீட்டில் உட்காரவைத்து, பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். எஞ்சின் உறுமியதும் அவருடைய வலது கால் தரையை மெல்ல அழுத்தியது. எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது.

மேவிஸ் பின்னால் நின்று மணிக்கயிற்றைப் பிடித்தாள். மூட்டுவாதத்தில் அவள் விரல்கள் வளைந்து பத்து வருஷம் ஆகிறது. ஒரு மணி கேட்டது. வெகுநேரம் கழித்து இன்னொன்று கேட்டது. சந்தேகத்தோடுதான் டிரைவர் வண்டியை எடுத்தார். அப்புறம் மூன்றாவது கேட்டதும், நிற்கச் சொல்கிறார்களாக்கும் என்று சடாரென்று பிரேக் போட்டார். நோட்டுக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள்.

"யாருய்யா அது மணி அடிக்கிறது? புது ஆளா?" என்றார் வில்ஃப் கோபமாக. "மேவிஸ் எங்க?"

நான் கத்தியே விட்டேன். "மேவிஸ், உன் பேரைச் சொல்றார், ஓடி வா!"

கம்பியைப் பிடித்துப் பிடித்து வந்து அவர் முன்னால் நின்றாள். "நான்தான் வில்ஃப். நான்தான் மேவிஸ்."

அவர் அவள் முகத்தை நிதானமாகப் பார்த்தார். "இல்லைங்கம்மா. மேவிஸ் கை எனக்குத் தெரியும். சட்டுனு அடிப்பா. இது அவ இல்ல."

பிறகு பயம் வந்துவிட்டது அவருக்கு. "அவ லீவே போடமாட்டாளே. என்ன ஆச்சு? பலகையிலேர்ந்து விழுந்துட்டாளா? யாராச்சும் போய்ப் பாருங்களேன்!" எழுந்து கூண்டுக் கண்ணாடியைத் தட்ட ஆரம்பித்தார்.

மேவிஸ் பின்னால் திரும்பினாள்.

"நெவில், சட்டுனு ரெண்டு அடிங்க. ஒரு மூச்சு விடுங்க. அப்புறம் மெதுவா ஒண்ணு."

"மூணு அடிச்சா வண்டி நிறைஞ்சிடுச்சுன்னு ஆகுமேம்மா…"

"அடிங்கய்யா."

நெவில் அடித்தார். அச்சு அசலாக அதே மணி. வண்டி நகர்ந்தது. வில்ஃப் உட்கார்ந்தார்.

"வந்துட்டா" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. மேவிஸின் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். தாடிக்காரர் அடித்த மணிக்கு வில்ஃப் வெட்கப்பட்டதைக் கண்டு பின்னால் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். நான் திரும்பி முறைத்தேன், சத்தம் அடங்கியது.

நான் எழுந்து மேவிஸுக்கு இடம் விட்டேன். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் நுழைத்துக்கொண்டாள். அந்த மணியை அவள் இதுவரை யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. டிரைவரிடம் விஷயத்தைச் சொல்லிவைத்துவிட்டு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் நெவில் அப்படியே அடித்தார். நாலாவது நிறுத்தத்தில் அவர் தாடி நனைந்திருந்தது.

கடைசி நிறுத்தத்தில், மேவிஸ் காலையில் செய்து கொண்டுவந்த சீஸ் சாண்ட்விச்சை வில்ஃப் பாதி சாப்பிட்டார். மீதியைத் தாளில் பத்திரமாக மடித்து அவளிடமே நீட்டினார்.

"பின்னால போறப்ப மேவிஸ்கிட்ட குடுத்துடுங்கம்மா. காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கா. பசிக்கும்."

"குடுத்துடறேன்" என்றாள்.

சாயங்காலம் அவரை இல்லத்தில் விட்டுவிட்டு வந்து காரில் ஏறினாள். நான் சாவியைப் போட்டும் வண்டியைக் கிளப்பவில்லை. அவள் தாளைப் பிரித்து, அந்தப் பாதியை ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டு முடித்தாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

"நாளைக்குப் போனதும் முதல்ல, மேவிஸ் சாப்பிட்டுட்டான்னு சொல்லணும்டி" என்றாள். "இல்லன்னா கவலைப்படுவார்."