புளி லாரியில் போன டயர்கள்

டயர் கடைக்குச் சிரித்துக்கொண்டு வருகிற ஆளை நான் பார்த்ததே இல்லை. துணிக் கடைக்கு ஆசையோடு வருவார்கள், பலகாரக் கடைக்குப் பசியோடு வருவார்கள். டயர் கடைக்கு வருகிறவர் மட்டும் வழியில் எங்கேயோ வெயிலில் நின்று, ஜாக்கி தூக்கி, கையெல்லாம் கரியாகி, அந்தக் கோபத்தை எங்கள் தலையில் இறக்கிவைக்கத்தான் வருவார். நீங்களும் ஒருதரமாவது ரோட்டோரம் அப்படி நின்றவராக இருந்தால் நான் சொல்லப்போவது புரியும். இதுவரை நின்றதில்லை என்றால், அதற்கென்ன, இன்னும் காலம் இருக்கிறது.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. லாரியில் கிளீனராக இருந்துவிட்டு, கிருஷ்ணகிரியில் பெங்களூர் ரோட்டின்மேல் இருந்த நஞ்சுண்டப்பா கடையில் டயர் மாட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. நஞ்சுண்டப்பா தமிழில் பேச ஆரம்பிப்பார், கன்னடத்தில் முடிப்பார், கோபம் வந்தால் தெலுங்கு. லாரி, பஸ், ஜீப் டயர்கள்தான் எங்கள் பிழைப்பு. ரேஸ் கார் என்று ஒன்று வந்து எங்களை ஆட்டிவைத்தது ஒரே ஒரு தை மாசம்தான்.

வழுக்கை டயர்

நாகரசம்பட்டி மாரப்ப கவுண்டருக்கு மாந்தோப்பும் புளியந்தோப்பும் உண்டு. அவர் மகன் ராஜமாணிக்கம் பெங்களூரில் படிக்கப்போன இடத்தில், ஊருக்குக் கப்பல் ஏறிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் ஒரு காரை வாங்கிவிட்டார். பச்சைக் கலர், இரண்டே சீட்டு, மூக்கு மட்டும் ஒரு கட்டில் நீளம். அது நின்றுகொண்டு உறுமினாலே எங்கள் கடைத் தகரம் அதிரும். அந்தக் காரைத்தான் ஒரு நாள் காலை எங்கள் கடைமுன் நிறுத்தினார். டயரைப் பார்த்தேன். ரோட்டைப் பிடிக்க ரப்பரில் வெட்டியிருக்கிற பட்டன் என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமே இல்லை. பனம்பழம் மாதிரி வழவழ. மெட்ராஸுக்கு வடக்கே, யுத்த காலத்தில் விமானம் இறங்கப் போட்ட ஓடுதளத்தில் கார் ரேஸ் நடக்கப்போகிறது, அதில் ஓட்டப்போகிறேன், நல்ல டயராகப் போடுங்கள் என்றார்.

பெரியவர் மாரப்ப கவுண்டரும் அன்றைக்குக் கூட வந்திருந்தார். அவர் வந்தது வேறு காரியமாக. பழைய மிலிட்டரி ஜீப்பின் அச்சை வாங்கி, புதிதாக ஒரு டயர் மாட்டுவண்டி கட்டியிருந்தார். அதற்கு ஒரு ஜோடி டயர் வேண்டும், பார்த்து அனுப்பு என்று நஞ்சுண்டப்பாவிடம் சொல்லிவைத்தார். ஜீப்புக்கும் அந்தப் பச்சைக் காருக்கும் ஒரே அளவு டயர்தான். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

கார் வாங்கிய நாளிலிருந்து அது வழியில் நின்றுபோய், லாரியில் ஏறித்தான் ஊருக்கு வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் ஊரே லாரி பின்னால் நடந்து வந்து வேடிக்கை பார்த்ததாம். பெரியவருக்கு அது தாங்கவில்லை. ரேஸ் பேச்சைக் கேட்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எங்கள் எல்லோர் முன்னாலும் மகனிடம் சொன்னார்:

"ஓட்டு, நான் வேணாங்கல. ஆனா போனபடி நீயே ஓட்டிக்கிட்டு நம்ம வாசல்ல வந்து நிக்கணும். லாரியில ஏத்திக்கிட்டு வந்தியானா அந்த லாரி ஊருக்குள்ளயே வர வேணாம், நேரா பெங்களூருக்குப் போயி வித்துட்டு வரட்டும்."

நகத்தால் கீறிப் பார்த்தது

ரேஸ் டயர் என்றால் என்ன என்று எனக்கும் தெரியாது, நஞ்சுண்டப்பாவுக்கும் கேள்விப்பட்டதுதான். பெங்களூரில் அவர் சிநேகிதர் ஒருவரிடம் சீமையிலிருந்து வந்த டயர் நாலு இருந்தது. மாதிரிக்கு ஒன்றைக் கொண்டுவந்து, நம் நாட்டு டயருக்குப் பக்கத்தில் வைத்தார். நகத்தால் கீறச் சொன்னார். சீமை டயரில் நகம் இறங்கியது, வேகவைத்த சேப்பங்கிழங்கு மாதிரி. நம் டயரில் என் நகம்தான் உடைந்தது.

மெத்தென்ற ரப்பர் ரோட்டைப் பிடித்துக்கொள்ளும், எவ்வளவு வேகத்தில் திருப்பினாலும் வழுக்காது, ஆனால் சீக்கிரம் தேயும். கெட்டி ரப்பர் கன்னியாகுமரிக்குப் போய்த் திரும்பினாலும் தேயாது, ஆனால் திருப்பத்தில் காரைக் கைவிட்டுவிடும். ராஜமாணிக்கம் இரண்டையும் மாறி மாறித் தடவிக்கொண்டு நின்றார். மெத்தென்றதைப் போட்டால் ரேஸ் ஓட்டலாம், அப்பா சொன்னபடி திரும்பி வர முடியுமா தெரியாது. கெட்டியைப் போட்டால் திரும்பி வரலாம், எதற்குப் போனோம் என்று தெரியாது. ரெண்டு குணமும் ஒரே டயரில் கிடைக்காதா என்று கேட்டார். நஞ்சுண்டப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்:

"ஒட்டற ரப்பர் உழைக்காதப்பா, உழைக்கிற ரப்பர் ஒட்டாது. ரெண்டும் வேணும்னா ரெண்டு செட்டு வாங்கிக்கோ, ஆயித்து."

ஓசூரில் முகர்ந்து பார்த்தது

அப்படியே முடிவாயிற்று. மீதி மூன்று சீமை டயர்களையும் எடுத்துவர என்னைப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். பஸ் கூரையில் கட்டிக்கொண்டு வந்தேன். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் மதுவிலக்கு. அந்தப் பக்கம் கிடைக்கும். அதனால் ஓசூரில் பஸ்ஸை நிறுத்தி மூட்டை முடிச்செல்லாம் பார்ப்பார்கள். டயருக்குள் பாட்டிலைச் செருகிக்கொண்டு வந்த புத்திசாலிகள் எனக்கு முன்னாலேயே போயிருந்தார்கள் போல. ஒரு ஏட்டு மேலே ஏறி, மூன்று டயருக்குள்ளும் கையை விட்டுத் துழாவி, பிறகு தலையையும் விட்டு முகர்ந்தார்.

எல்லாம் ரேஸ் டயருங்க, உள்ளே ஒன்றும் இல்லீங்க என்றேன். எவ்வளவு வேகம் போகும் என்றார். மணிக்கு நூறு மைல் என்று கேள்விப்பட்டதைச் சொன்னேன். ஏட்டு கையைத் துடைத்துக்கொண்டே இறங்கினார்:

"குடிக்காமயே நூறு மைல் போறவனை நான் புடிச்சு என்ன பண்றது, எடுத்துக்கிட்டுப் போ."

மாது காற்றடித்தது

புது டயரைப் போட்டவுடன் ரேஸில் விரட்டக் கூடாது. மேல்தோல் போகிற அளவுக்குக் கொஞ்ச தூரம் நிதானமாக ஓட்ட வேண்டும். ஆகவே சீமை டயரைக் கடையிலேயே காருக்கு மாட்டி, மெட்ராஸ் வரைக்கும் மெதுவாக ஓட்டிப்போவது, ரேஸ் முடிந்ததும் கெட்டி டயருக்கு மாற்றிக்கொண்டு திரும்புவது என்று ஏற்பாடு. இரண்டு சீட்டு காரில் நாலு டயருக்கு இடம் ஏது? பெரியவரின் புளியை மெட்ராஸுக்கு ஏற்றிப்போகிற லாரி டிரைவர் மாது, நான் கொண்டுவருகிறேன் என்றார். காலி லாரியில் கெட்டி டயர் நாலையும் போட்டுக்கொண்டு நாகரசம்பட்டிக்குப் போய், புளி ஏற்றி, டயரை மூட்டைமேல் வைத்துக் கட்டிக்கொண்டு மெட்ராஸ் வருவது அவர் பொறுப்பு.

மாது நல்ல மனுசர். ஒரே ஒரு பழக்கம். எந்த டயரைக் கண்டாலும் இரும்புக் கம்பியால் ஒரு தட்டுத் தட்டி, சத்தத்தை வைத்துக் காற்று எவ்வளவு என்று சொல்வார். லாரி டயரில் அவர் சொன்னால் சொன்னதுதான். நாங்கள் டீ குடிக்கப் போன நேரம், அந்தப் பச்சைக் காரையும் தட்டிப் பார்த்திருக்கிறார். அது மெல்லிய டயர், சத்தம் தொப்பென்று வந்திருக்கிறது. பாவம் பார்த்து, லாரிக்கு அடிக்கிற அளவுக்கு அடித்துவிட்டார். ராஜமாணிக்கம் காரை எடுத்ததும் அது தவளை மாதிரி குதித்துக் குதித்துப் போய், புளியமரத்தடியில் நின்றது. நஞ்சுண்டப்பா தெலுங்குக்குப் போய்விட்டார். மாது கம்பியைப் பின்னால் மறைத்துக்கொண்டு சொன்ன பதில்:

"வெறும் வயிறு மாதிரி சத்தம் வந்துச்சுங்க, அதான் கொஞ்சம் ஊட்டுனேன்."

புளி வந்தது

டயர் மாற்ற ஆள் வேண்டும் என்று என்னையும் காரில் உட்கார வைத்துக்கொண்டு ராஜமாணிக்கம் மெட்ராஸ் போனார். ரேஸுக்கு முதல் நாள் சாயங்காலம் மாதுவின் லாரி வந்தது. மேலே ஏறிப் பார்த்தேன். புளி மூட்டை இருந்தது, தார்ப்பாய் இருந்தது, டயர் இல்லை. மாது இறங்கவே இல்லை, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மெள்ள மெள்ள விஷயம் வந்தது. புளி ஏற்றுவதற்காக டயரையெல்லாம் களத்தில் இறக்கி வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். பெரியவர் வந்து பார்த்திருக்கிறார். மாட்டுவண்டிக்கு டயர் கேட்டோம், நஞ்சுண்டப்பா புதுசாகவே அனுப்பிவிட்டான், அதுவும் நாலு என்று அவருக்கு ஒரே சந்தோஷம். ஆசாரியைக் கூப்பிட்டு, தேங்காய் உடைத்து, ஒரு ஜோடியை வண்டிக்கு மாட்டி, நல்ல நேரத்திலேயே களத்தைச் சுற்றி ஓட்டியும் ஆயிற்று. மீதி ஒரு ஜோடியை, பொங்கலுக்கு வந்திருந்த தன் மச்சான் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். மச்சான் ஊர் அஞ்செட்டி. அந்த மலைக்காட்டுக்கு எப்போதாவது ஒரு பஸ். திரும்பி வாங்குவது நடக்கிற காரியமா?

அது உங்களுடையது இல்லை என்று சொல்ல வேண்டியதுதானே என்று கேட்டேன். மாது என்னைப் பார்க்காமல், ராஜமாணிக்கத்தைப் பார்த்துச் சொன்னார்:

"மாட்டுக்குப் பொட்டு வெச்சு, வண்டி மேல ஏறி உக்காந்துட்டாருங்க. அப்புறம் அவரை யாரு இறக்கறது?"

மூன்றாவது

அன்றைக்கு ராத்திரி ராஜமாணிக்கம் பையைத் துழாவிப் பார்த்தார், ரெண்டு செட்டு வாங்கியதிலேயே பணம் தீர்ந்திருந்தது. இனி இருக்கிறது ஒரே செட். அதிலேயே ரேஸும் ஓட்டி, அதிலேயே நாகரசம்பட்டி வாசலுக்கும் போக வேண்டும். ரேஸை மெதுவாக ஓட்டுங்கள் தம்பி, ஒப்புக்கு நாலு சுற்று சுற்றிவிட்டு வந்துவிடலாம் என்றேன். தலையாட்டினார். காலையில் கொடி இறங்கியதும் தலையாட்டினது எங்கே போயிற்றோ. மெத்தென்ற டயர் தன் வேலையைக் காட்டியது. மற்ற கார்கள் திருப்பத்தில் பின்பக்கத்தை வீசிக்கொண்டு போக, பச்சைக் கார் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு போனது. நான் ஒவ்வொரு சுற்றிலும் காரைப் பார்க்கவில்லை, பின் டயரைத்தான் பார்த்தேன்.

மூன்றாவதாக வந்தார். டம்ளர் உயரத்துக்கு ஒரு கப்பு கொடுத்தார்கள். எல்லோரும் கை குலுக்கிவிட்டுப் போனபின், குனிந்து பின் டயரைத் தடவினார். அங்கங்கே வெள்ளை நூல் எட்டிப் பார்த்தது. கப்பை என் கையில் கொடுத்தார்:

"கப்பு வந்துருச்சுண்ணா. காரு இன்னும் நம்முளுது ஆவல."

மாடு கண்ட வைக்கோல்

திரும்புகிற வழி முழுக்க மாட்டுவண்டிக்கெல்லாம் வழிவிட்டுக்கொண்டு வந்தோம். வாணியம்பாடி தாண்டியதும் ஒரு பின் டயர் போயிற்று. ஸ்டெப்னியாக வைத்திருந்த பழைய வழுக்கையை மாட்டினோம். பர்கூரில் பெரிய ரோட்டை விட்டு இறங்கி, ஊருக்கு இரண்டு கல் தூரம் இருக்கும்போது அடுத்த பின் டயரும் வெடித்தது. டியூப் தாறுமாறாகக் கிழிந்திருந்தது. பின்னாலேயே ஒரு லாரி வந்து நின்றது. மாதுதான். கயிறு இருக்கிறது, பலகை இருக்கிறது, ஏற்றிவிடலாமா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு நின்றார். ராஜமாணிக்கம் லாரியைப் பார்த்தார், பிறகு அதைப் பார்க்காதது மாதிரி வயல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வயலில் வைக்கோல் போர் இருந்தது. கிளீனராக இருந்த காலத்தில் நாங்கள் எத்தனையோ தரம் செய்த வேலைதான். சொந்தக்காரரிடம் கேட்டு அள்ளி வந்து, நனைத்து, முறுக்கி, டயருக்குள் குத்திக் குத்தி அடைத்தேன். நூறு மைல் கார் நத்தை மாதிரி கிளம்பியது. கிழிந்த இடத்தில் வைக்கோல் தாடி மாதிரி தொங்கியது. பின்னால் மாது, லாரியை உருட்டிக்கொண்டே வந்தார்.

ஊர் எல்லையில் பின்னாலிருந்து மணிச் சத்தம். வர்ணம் மணக்கிற புது மாட்டுவண்டி ஒன்று லாரியைத் தாண்டி, எங்களையும் தாண்டி, முன்னால் போய் நின்றது. ஓட்டியவர் பெரியவர். வண்டியில் கறுப்பாகப் பளபளத்தன எங்கள் கெட்டி டயர்கள். அவர் இறங்கி வந்து லாரியைப் பார்த்தார். அது காலியாக இருந்தது. மகன் கையில் ஸ்டியரிங் இருந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். தன் வண்டிச் சக்கரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், மீதியைக் கொடுத்தது மச்சானுக்கு ஆயிற்றே, திருப்பிக் கேட்கவா முடியும் என்று முணுமுணுத்தார். கப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, இதில் மோர்கூட ஒரு வாய்தான் பிடிக்கும் என்றார். அதற்குள் வண்டியின் வலத்து மாடு மெதுவாகக் கழுத்தைத் திருப்பி, கார் டயரில் தொங்கிய வைக்கோலை ஒரு இழுப்பு இழுத்தது. கார் ஒரு பக்கம் சாய்ந்தது. வாசல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தது. பெரியவர் ஓடிவந்து மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு மகனை விரட்டினார்:

"என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற, இது தின்னு தீக்கறதுக்குள்ள வாசலுக்கு ஓட்டிக்கிட்டுப் போ."

இன்றைக்கும் யாராவது என்னிடம் நல்ல டயர் எது என்று கேட்டால், எவ்வளவு வேகம் போவீர்கள் என்று நான் கேட்பதில்லை. வீட்டில் மாட்டுவண்டி இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறேன்.