புளி போட்டு மினுக்கிய டெனிஷ் விளக்கு

பழைய தளபாடக் கடையில் வேலை செய்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: எங்கள் வீட்டில் எறிகிற பொருளைத்தான் அங்கே கையுறை போட்டுத் தூக்க வேண்டும். டென்மார்க்கில், சில்க்போர்க் நகரத்தில் அப்படியொரு கடையில் நானும் யோகன் அண்ணையும் வேலை செய்தோம். இலங்கையில், எங்கள் ஊரில் சண்டை முடிகிற நாட்கள் அவை. அண்ணையின் தங்கச்சி வன்னிக்குள் அகப்பட்டிருந்தா. உயிரோடு இருக்கிறாவா என்றே தெரியாது.

வெளிச்சத்தை ஒளிக்கிறது

ஒருநாள் முதலாளி கிர்ஸ்டன் ஒரு விளக்கைக் கம்பளியால் சுற்றி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தூக்கி வந்தா. ஆளுயரம். மூன்று மெல்லிய கால்கள், பித்தளைத் தண்டு, கவிழ்த்த கிண்ணம் போல ஒரு மூடி. ஜெர்மன்காரர் டென்மார்க்கை விட்டுப் போன கையோடு, பித்தளைக்குத் தட்டுப்பாடான நேரத்தில் செய்ததாம். அதனால் கொஞ்சம்தான் செய்தார்களாம்.

எங்களைக் கதிரையில் இருத்தி, எழுப்பி, மூலையில் நிறுத்திப் பார்க்கச் சொன்னா. எங்கிருந்து பார்த்தாலும் பல்ப் கண்ணில் படவில்லை. வெளிச்சம் மடியில் மட்டும் விழுந்தது. இதுதான் இதன் கெட்டித்தனம் என்றா. தண்டு மட்டும் கறுத்துப்போய் இருந்தது. அதைத் தொடக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. டெனிஷ்காரருக்குச் சொல்லத் தேவையில்லாத விஷயம் அது.

அண்ணை என் காதுக்குள் கேட்டார்: “தம்பி, இது வெளிச்சம் தாற விளக்கோ, ஒளிக்கிற விளக்கோ?”

பழப்புளி

விளக்கைப் பார்க்க ஒருவர் வருவதாக இருந்த நாள். சண்டை முடிந்தது என்று காலைச் செய்தி சொன்னது. தங்கச்சியைப் பற்றி ஒன்றும் இல்லை. அண்ணையால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. நான் ஒரு மேசையைக் கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்பினால், வீட்டிலிருந்து கொண்டுவந்த பழப்புளியால் தேய்த்து, அந்த விளக்கைக் கோயில் குத்துவிளக்கு மாதிரி மினுக்கி வைத்திருக்கிறார்!

“நல்ல சேதி வாற நேரம் விளக்கு ஊத்தையா நிக்கக் கூடாது, தம்பி” என்றார்.

பின்னால் வந்த கிர்ஸ்டன் விளக்கைக் கண்டதும் விற்பனைக்கு வைத்த கதிரையிலேயே இருந்துவிட்டா. கோபம்கூட வரவில்லை. மெதுவாகத்தான் சொன்னா: “அந்தக் கறுப்புக்குத்தான் விலை. அறுபது வருசத்தை ஒரு காலையில் கழுவிப்போட்டாய், யோகன்.”

வாங்க வந்தவர்

வந்தவர் ஒரு வயதான டெனிஷ் அம்மா. கிர்ஸ்டன் வாசலிலேயே மன்னிப்புக் கேட்டா. அந்த அம்மா விளக்கைச் சுற்றிச் சுற்றி வந்தார். மற்ற இடங்களில் கண்டதெல்லாம் கறுத்தவைதானாம். “செய்த நாளில் இப்படித்தானே இருந்திருக்கும்!” என்றார்.

பிறகு கதை வந்தது. அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது, ஜெர்மன்காரர் நாட்டைப் பிடித்து வைத்திருந்த ஐந்து வருடமும், வெளிச்சம் வெளியே தெரியாமல் யன்னலெல்லாம் கறுப்புத் துணி. ஜெர்மன்காரர் சரணடைந்த செய்தி வந்த இரவு, தெருவே அதைக் கிழித்தெறிந்து யன்னலில் மெழுகுதிரி வைத்ததாம். இங்கே மே நாலாந் திகதி இரவு யன்னலில் மெழுகுதிரி எரிவதை நீங்களும் கண்டிருப்பீர்கள். அடுத்த நாள் விடிந்ததும் அவருடைய தாயார் வீட்டுப் பித்தளை முழுவதையும் மினுக்கினாராம்.

“இதை மினுக்கியது யார்?” என்று கேட்டார். புளிக் கையோடு அண்ணை முன்னுக்கு வந்தார். தங்கச்சியின் கதையை நான் சொன்னேன். அந்த அம்மா அண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டு கிர்ஸ்டனிடம் திரும்பினார்: “வாங்குகிறேன். மங்கினால் இவர்தான் வந்து மினுக்க வேண்டும்.”

மூன்றாம் மாடி

இரண்டு கிழமைக்குப் பிறகு அவர் வீட்டுக்கு விளக்கைக் கொண்டுபோனோம். லிப்ட் இல்லாத மூன்றாம் மாடி. பாதிப் படியில் அண்ணையின் சட்டைப் பையில் போன் அடித்தது. வெளிநாட்டு இலக்கம்.

“எடடா! எடடா!” என்றார் அண்ணை.

விளக்கைக் கீழே வைக்க இடமில்லை. ஒரு கையால் விளக்கின் காலைத் தாங்கிக்கொண்டு, மற்றக் கையால் போனை எடுத்து அவர் காதில் வைத்தேன். படிக்கட்டு முழுக்கக் கேட்டது அந்தக் குரல். தங்கச்சி! அகதி முகாமில் யாரிடமோ போன் வாங்கிக் கதைக்கிறா. அண்ணை விளக்கைக் கட்டிப்பிடித்தபடி மூச்சிளைத்துக்கொண்டு நின்றார்.

முகாமிலிருந்து தங்கச்சி பதறிக் கேட்டா: “அண்ணை, ஏன் இப்பிடி இளைக்குது? உங்களுக்கு ஏதும் சுகமில்லையோ?”

புது மினுக்கலில் விழுந்த முதல் கறை அண்ணையின் கண்ணீர்தான், அதைத் துடைக்க எங்கள் இரண்டு பேரிடமும் ஒரு கைகூட மிச்சம் இருக்கவில்லை.