அக்கயம்மாவின் அரை ஏக்கர்

தெருவில் யாராவது சருகைக் கூட்டித் தீக்குச்சியைக் கிழித்தால் போதும், அக்கயம்மா எங்கிருந்தாலும் மோப்பம் பிடித்து வந்துவிடுவாள். "அடப் பாவி, பொன்னைக் கொளுத்துறியேடா!" என்று தீப்பெட்டியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொள்வாள். சருகு அவள் முந்தானைக்குப் போய்விடும். சிட்லகட்டா பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரின் தீப்பெட்டிகளில் பாதி அவள் வீட்டில்தான் இருக்கின்றன.

அந்தச் சருகெல்லாம், பட்டுப்புழுவுக்கு இலை தரும் அவளுடைய மல்பெரித் தோட்டத்துக்குப் போர்வை. வரிசைகளுக்கு நடுவே பசுந்தாள் உரமாகச் சணப்பு விதைத்து, பூ விடும் சமயத்தில் மடக்கி உழுதுவிடுவாள். யூரியா மூட்டை அவள் வரப்பைத் தாண்டியதில்லை. "பசிக்குதா? இரு, வர்றேன்" என்று அவள் பேசுவது மண்ணோடு, செடியோடு அல்ல.

அவளும் ஒருமுறை சறுக்கியவள்தான். இரண்டு வருஷத்துக்கு முன் அவசரப்பட்டு, புழுக் கொட்டகைக் கழிவை மக்கவிடாமல் பச்சையாகச் செடிக்குப் போட்டாள். கழிவிலிருந்த நோய் இலையோடு கொட்டகைக்கே திரும்பியது. ஒரு புழுகூடக் கூடு கட்டவில்லை. கணவன் பெங்களூரில் லாரி ஓட்டுகிறான்; அவனுடைய அண்ணன், பக்கத்துத் தோட்டக்காரர் அஞ்சினப்பாவுக்கு இது போதாதா?

"இன்னொரு தடவை புழு செத்துச்சுன்னா தோட்டம் என் கைக்கு வந்துடணும். நீ வீட்டோட இரு" என்றார், ஊரார் முன்னால்.

"சரி பாவா" என்றாள். அன்றுமுதல் கழிவு குழிக்குள் போய், மண் மூடி மூன்று மாதம் கிடந்து மக்கிய பிறகுதான் செடிக்கு வரும்.

இந்தக் கோடையில் புழு கூடு கட்டுவதற்கு முன் கடைசியாகத் தோல் உரித்த மறுநாள், இரண்டு தோட்டத்துக்கும் பொதுவான ஆழ்குழாய்க் கிணறு வெறும் காற்றைத் துப்பியது. புழு அசுரத்தனமாகத் தின்கிற வாரம் அது! யூரியா போட்டு வளர்த்த அஞ்சினப்பாவின் இலை நாலாம் நாளே அப்பளமாய் நொறுங்கியது. அக்கயம்மா தன் தோட்டத்தில் தினமும் இலையைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தாள். ஐந்தாம் நாள் மெத்தென்று இருந்தது. ஆறாம் நாளும் அப்படியே. ஏழாம் நாள் அவளுடைய புழுக்கள் வயிறு நிறைந்து, பழுத்துப் பளபளத்து, நூல் விட ஆரம்பித்தன. "தோட்டம் என்னோடதுதான்!" என்று கொட்டகை அதிரக் கத்தினாள்.

அன்று மத்தியானம் அஞ்சினப்பா காலிச் சாக்கோடு வந்து நின்றார். அவருடைய புழுக்கள் மூன்று நாள் இளசு; அதுவரை பொறுக்கிப் போட்ட பச்சை இலையும் அன்றோடு தீர்ந்திருந்தது.

"எல்லாம் தலையைத் தூக்கிக்கிட்டு என்னையே பாக்குதும்மா."

"ஏன் பாவா, யூரியா மூட்டையைப் பிரிச்சுப் புழுவுக்கு வைக்கிறதுதானே?"

அவர் சாக்கைச் சுருட்ட ஆரம்பித்தார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வெட்டிக்குங்க. புழு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று அரிவாளை எடுத்துக் கொடுத்தாள்.

அவர் சாக்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினார்.

"கையை நீட்டுங்க பாவா."

குனிந்து சருகை விலக்கினாள். ஏழு நாளாகத் தண்ணீரே காணாத மண்ணில் ஒரு பிடி அள்ளி, ராகி உருண்டைபோல் உருட்டி, அந்தக் கையில் உதிராமல் வைத்தாள்.