இரவல் தொண்டை

கடவுள் என் மூளையில் மிச்சம் பிடித்ததையெல்லாம் தொண்டையில் போட்டு அனுப்பியிருந்தார். திருத்தணி போர்டு பள்ளிக்கூடத்தில் நான் டிரில் மாஸ்டர். மைதானத்தில் நான் ‘அட்டென்ஷன்’ என்று கத்தினால் ரயிலடியில் மூட்டை தூக்குகிறவர்களும் விறைத்து நிற்பார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டவனும் நான்தான்.

மைதானத்தை ஒட்டிய வகுப்பு தமிழ்ப் பண்டிதருடையது. திருவாலங்காட்டுக்காரர். ஆள் சோளத்தட்டை மாதிரி. குரல் மட்டும் கனமானது. எல்லைப்புற ஊர் என்பதால் பையன்களில் பாதிப் பேர் அப்பாவை நைனா என்று கூப்பிட்டு வளர்ந்தவர்கள். நானும் அந்த ரகம்தான். என் தமிழ் சந்தையில் கத்திரிக்காய் வாங்கப் போதும். ஆனால் பண்டிதர் செய்யுள் சொல்ல ஆரம்பித்தால் தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளும் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். அரக்கோணத்தில் ஒரு பெரிய பள்ளிக்கூடம் அவரைக் கூப்பிட்டது. போகவில்லை. ஏன் என்று கேட்டேன்.

“அங்க தமிழு தானா வரும் மாஸ்டரே. இங்க கூப்ட்டாதான் வரும்” என்றார்.

அந்தக் குரல்தான் போயிற்று. யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு வருஷம், ஆடிக்கிருத்திகைக் கூட்டத்தில் காணாமல் போகிற குழந்தைகளுக்காக மலையடிக் குளக்கரையில் நின்று கூவுகிற வேலையை எங்கள் இருவருக்கும் கொடுத்திருந்தார்கள். ஒலிபெருக்கியெல்லாம் எங்கள் ஊரை அப்போது எட்டிப் பார்க்கவில்லை. ஆளுக்கொரு கரை. காவடிச் சத்தத்துக்கு மேலே அவர் தமிழிலும் தெலுங்கிலும் மாற்றி மாற்றிக் கூவினார். தொலைந்த பிள்ளைகளெல்லாம் பெற்றோரிடம் போய்ச் சேர்ந்தன. திருவிழா முடிந்தபோது அவருக்குக் குரல் இல்லை. வெறும் காற்றுத்தான் வந்தது. என் தொண்டைக்கு ஒரு கீறல் கூட இல்லை. முருகன் கரை மாறி வந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். என் தொண்டையை எடுத்திருந்தால் ஊரே மொட்டை போட்டு நன்றி சொல்லியிருக்கும்.

வைத்தியர் பேசாமல் இருக்கச் சொன்னார். இருந்து பார்த்தார், குரல் திரும்பவில்லை. ஹெட்மாஸ்டர் நல்ல மனிதர், அவரும் எத்தனை நாள்தான் பொறுப்பார். தீபாவளிக்குப் பிறகு இன்ஸ்பெக்டர் வரும்போது வகுப்பு நடந்தால் உண்டு, இல்லையென்றால் வேலை போய்விடும் என்றார். இந்த ஊருக்கு வேறு பண்டிதர் வரமாட்டார் என்பதும், தமிழ் வகுப்பையே மூடிவிடுவார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் பண்டிதர் மைதானத்துக்கு வந்து என் காதருகே குனிந்தார். “உங்க தொண்டைய இரவல் குடுங்க.”

என் தமிழின் லட்சணத்தை எடுத்துச் சொன்னேன்.

“தொண்டைய மட்டுந்தான கேட்டேன். தமிழு எங்கிட்ட கீது.”

டிரில் இல்லாத நேரமெல்லாம் அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் என் காதில் செய்யுளின் ஒரு அடியை ஊதுவார்; நான் அதைக் கூவுவேன். காதில் விழுந்தது மூளைப் பக்கம் போகாமல் நேரே வாய்க்கு வந்துவிடும். எனக்கு அது பழக்கமான வழி. ஒருநாள் “மீசையில சோறு ஒட்டிகினு கீது” என்று அவர் ரகசியமாகச் சொன்னதையும் கூவிவிட்டேன். கடைசி பெஞ்சில் இரண்டு பேர் அதை எழுதிக்கொண்டார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரே தாளம் லெஃப்ட் ரைட். வெண்பாவும் விருத்தமும் அந்த நடையில்தான் வெளியே வந்தன. பெஞ்சுக்கு அடியில் பையன்களின் கால்கள் தரையைத் தட்டின. பண்டிதர் கண்ணை மூடிக்கொள்வார். ரசிக்கிறார் என்றே வெகுநாள் நம்பியிருந்தேன். மகனை இழந்த தாயின் புலம்பல் ஒன்றை நான் கூவியபோது, அடுத்த வகுப்பு வாத்தியார் யாருக்கோ அடி விழுகிறது என்று ஓடி வந்தார்.

செய்யுளைக் கூவிவிடலாம், பொருளைக் கூவ முடியவில்லை. நீளமான விளக்கம் பாதி வழியில் என்னிடம் அறுந்துவிடும். அப்போது முன்பெஞ்சுப் பையன் யாராவது, பண்டிதர் சொன்னது தனக்கே கேட்டதென்று மீதியைச் சொல்லுவான். கொஞ்சம் கொஞ்சமாகப் பெஞ்சுகள் முன்னால் நகர்ந்தன. யாரும் நகர்த்தச் சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். என்னால்தான் தமிழ் பிழைக்கப்போகிறது என்ற மிதப்பில் முதல் அடியைக் கூவினேன். அவர் காதைத் தடவிக்கொண்டே என்னைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொன்னார். பண்டிதரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. போய் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

பண்டிதர் சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, புதிய செய்யுள் ஒன்றை அந்தக் காற்றுக் குரலிலேயே சொன்னார். ஜன்னலில் நின்ற எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர் கடைசி பெஞ்சில் ஒருவனை எழுப்பினார். என்னைப் போலவே தெலுங்கு வீட்டுப் பிள்ளை. அவன் செய்யுளை முழுதாகச் சொன்னான், பொருளும் சொன்னான். லெஃப்ட் ரைட்டில்தான் சொன்னான், ஆனால் ஒரு சொல் தவறவில்லை.

“அவ்ளோ மெதுவா சொன்னாரே, உனக்கு எப்படிப்பா கேட்டுது?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“தெனம் கேக்குதுங்க சார். டிரில் சார் இல்லன்னா இன்னும் நல்லாக் கேக்குது.”

இன்ஸ்பெக்டர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். வகுப்பு நிலைத்தது. அன்றோடு என் தமிழ்த் தொண்டும் ஒரு முடிவுக்கு வந்தது.

அதன்பின் ஓய்வு பெறும் வரை பண்டிதர் ஊதின காற்றிலேயே தமிழ் நடத்தினார். பள்ளிக்கூடத்திலேயே அமைதியான வகுப்பு அதுதான். சத்தம் போட்டால் பாடம் கேட்காதே. சுதந்திரம் வந்த பிறகு அவருக்குப் பிரிவுபசாரம் நடந்தது. பள்ளிப்பட்டிலிருந்தும் மணவூரிலிருந்தும் பழைய மாணவர்கள் வந்திருந்தார்கள். நெசவு செய்கிறவன், ஏர் ஓட்டுகிறவன், ஸ்டேஷனில் கொடி காட்டுகிறவன் எல்லோரும் எழுந்து நின்று அவர் சொல்லிக்கொடுத்த செய்யுளைச் சேர்ந்து சொன்னார்கள். தமிழ் அவருடையது. ஒருசேர விழுந்த இடது கால் என்னுடையது.

மேடையில் அவருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்திருந்தார்கள். அவர் மெல்லச் சாய்ந்து என் காதில் ஏதோ சொன்னார். காதில் விழுந்ததைக் கூவுவது விட்டுப்போன பழக்கமென்று நினைத்திருந்தேன், விடவில்லை. எழுந்து விறைப்பாக நின்று, கொட்டகை அதிரக் கூவினேன்:

“அழாதீங்க மாஸ்டரே.”